டோன்ஆர்மை அளந்து பொருத்த: முதலில் அலமாரியில் என்ன தட்டு இருக்கிறது என்று பாருங்கள்

ரெக்கார்டு ஆரம்பத்தில் நன்றாகப் பாடுகிறது, உள்பக்கம் போகப்போக 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் இரைந்து கிழிகிறது. இப்படி இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது, வேறு வாங்கு என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தேய்ந்தும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் முள் காடிக்குள், அதாவது தட்டில் பாட்டு வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள், நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக உட்கார்ந்த முள் இன்றைக்கு இரைச்சல் தரும், விட்டால் நல்ல தட்டையும் கெடுத்துவிடும்.

கோணல் எப்படி வருகிறது? ரெக்கார்டை வெட்டும் இயந்திரத்தில் வெட்டும் தலை வெளிவிளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்க்கோட்டில் நகரும். நம் வீட்டில் முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மோ ஒரு அச்சில் ஊன்றிக்கொண்டு வில்லாக வளைந்து வருகிறது. அதனால் தட்டு முழுக்க முள் நேராக இருப்பது நடக்காத காரியம். ஆர்மைக் கொஞ்சம் நீளமாக வைத்து, அதன் முனையில் முள்ளைப் பிடித்திருக்கும் சின்னப் பெட்டியான கார்ட்ரிட்ஜை உள்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினால், இரண்டே இரண்டு இடத்தில் முள் காடிக்குச் சரியாக நேராகும். மற்ற இடங்களில் ஒன்றிரண்டு டிகிரி தப்பும். அந்த இரண்டு பூஜ்யப் புள்ளிகளை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலை முழுவதும், மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

எங்கே வைப்பது என்பதற்கு மூன்று கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. 1938-இல் எரிக் லோஃப்கிரென் போட்டது, 1941-இல் பேர்வால்டும் தனியாகப் போட்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது: மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. லோஃப்கிரெனின் இரண்டாவது கணக்கு: 70.3, 116.6. 1966-இல் ஸ்டீவன்சன் போட்டது: 60.3, 117.4. இணையத்தில் யாரைக் கேட்டாலும் முதல் கணக்கைத்தான் சொல்வார்கள். 12 அங்குல எல்.பி. மட்டும் கேட்பவருக்கு அது நல்ல யோசனை.

நம்ம காரைக்குடிப் பக்கத்து அலமாரி வேறு மாதிரி. ஏவி.எம். மெய்யப்பன் சினிமாவுக்குப் போகும் முன்னால் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரத்தில் இருந்த காரைக்குடிக்காரர். பர்மா, மலாயா என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப், போன வீடுகளுக்கு ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் ஒரே பெட்டியில் உள்ள ரேடியோகிராமும் தட்டுகளும் சாமானோடு சாமானாக வந்து இறங்கின. இன்றைக்கு அந்த வீட்டுப் பெட்டகத்தைத் திறந்தாலும் சரி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கைப் புரட்டினாலும் சரி, சினிமாப் பாட்டு என்றால் பெரும்பாலும் 7 அங்குல ஈ.பி. தான் கையில் வரும். ஈ.பி.-யில் பாட்டு தொடங்குவதே மையத்திலிருந்து சுமார் 84 மி.மீ. தூரத்தில், முடிவது 54 மி.மீ. வரை போகலாம். அதாவது முள் எப்போதும் உள்பக்கத்திலேயே ஓடுகிறது, கோணத் தப்பு காதில் அதிகம் விழும் இடத்தில்.

ஆர்ம் திரும்பும் அச்சிலிருந்து, தட்டின் ஓட்டையில் நுழையும் நடுக்கம்பியான ஸ்பிண்டில் வரை 215 மி.மீ. உள்ள ஒரு ஆர்முக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. 54 மி.மீ. இடத்தில் லோஃப்கிரென் முதல் கணக்குப்படி தப்பு சுமார் 2 டிகிரி, ஸ்டீவன்சன்படி சுமார் 1 டிகிரி. பாதி. பதிலுக்கு எல்.பி.-யின் வெளிவிளிம்பில் ஸ்டீவன்சன் கொஞ்சம் கூடுதலாகத் தப்பும், ஆனால் அங்கே காடி வேகமாக ஓடுவதால் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே என் கட்சி இதுதான்: ஈ.பி. அதிகம் உள்ள வீட்டுக்கு ஸ்டீவன்சன். எல்.பி. மட்டும் என்றால் லோஃப்கிரென். இரண்டும் கலந்திருந்தாலும் நான் ஸ்டீவன்சன் பக்கம்தான் சாய்வேன்.

வேண்டிய சாமான்

மி.மீ. போட்ட ஸ்டீல் ஸ்கேல், வெர்னியர் காலிப்பர், மூலைமட்டம், சின்ன ரசமட்டம், மூக்குக் கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருக்கும் மாதிரி பொடி ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, டார்ச், பள்ளிக்கூட கிராஃப் தாள், கூர்மையான பென்சில். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று. ரெக்கார்டுக்கென்றே செய்த எடைக்கருவி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நகை நிறுக்கும் பாக்கெட் தராசே போதும்.

இணையத்தில் பூஜ்யப் புள்ளிகள் போட்ட அளவுத்தாளை இறக்கி அச்சடிக்கலாமே என்பீர்கள். ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் தாளுக்குள் அடங்கட்டும் என்று தானாகவே கொஞ்சம் சுருக்கி அடித்துவிடும், கேட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். அச்சடித்தே ஆகவேண்டும் என்றால் நூறு சதவீத அளவில் அடிக்கச் சொல்லி, அதில் உள்ள 100 மி.மீ. கோட்டை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். அரை மி.மீ. குறைந்தாலும் அந்தத் தாளை மளிகைக் கணக்கு எழுத வைத்துக்கொள்ளலாம். நீங்களே வரைந்துவிடுவது இதைவிடச் சுலபம், கீழே சொல்கிறேன்.

மட்டம்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பழைய வீட்டில் நடுமுற்றமான வளவுப் பக்கம் தண்ணீர் ஓடட்டும் என்று வாட்டம் விட்டிருப்பார்கள். அதனால் தரையையோ மேசையையோ நம்ப வேண்டாம். ரசமட்டத்தை தட்டு சுழலும் பிளாட்டரின் மேலேயே வைத்து, நாலு திசையிலும் திருப்பிப் பார்த்து, கால்களைத் திருகியோ அட்டை கொடுத்தோ சரி செய்யுங்கள். கீழ்த்தளத்தில் தேக்குப் பெட்டகத்தின் மேல் வைத்தால் பிரமாதம், அசையவே அசையாது. மரத்தளம் போட்ட மாடி அறை என்றால் ஒருவர் நடந்தாலே முள் துள்ளும், சுவரை ஒட்டி வையுங்கள். சுவரில் தாங்கி அடிக்கலாம் என்று அந்த வழவழப்பான பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை மட்டும் போட்டுவிடாதீர்கள், அப்படிப் பூசுகிற கொத்தனார் இப்போது சுலபத்தில் கிடைக்கமாட்டார்.

அச்சிலிருந்து ஸ்பிண்டில் வரை

இதுதான் அடிப்படை அளவு. கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும், ஆனாலும் அளந்துவிடுங்கள், அதிலும் பழம்பொருள் கடையில் வாங்கியதென்றால் கட்டாயம். முன்னால் வைத்திருந்தவர் ஆர்மை மாற்றியிருப்பார், ஓட்டையைப் பெரிதாக்கியிருப்பார், யாருக்குத் தெரியும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். ஆர்மை அதன் தாங்கியில் பூட்டுங்கள். ஆர்ம் பக்கவாட்டில் எந்த மையத்தைச் சுற்றித் திரும்புகிறதோ அதுதான் அச்சு. சில ஆர்மில் மேலேயே திருகு அல்லது புள்ளி தெரியும். தெரியாவிட்டால் அச்சுக் கூட்டின் இரண்டு பக்கத்தையும் காலிப்பரால் அளந்து நடுவை எடுத்து, சின்னத் துண்டு டேப் ஒட்டி அதில் புள்ளி வையுங்கள்.

அப்புறம் ஒரு கல்யாணப் பத்திரிகை எடுங்கள், நம் பக்கத்துப் பத்திரிகை அட்டை மாதிரி தடிமன் வேறெதிலும் வராது. நீளவாட்டில் ஒரு பட்டை வெட்டி, ஒரு முனையில் ஸ்பிண்டில் இறுக்கமாக நுழையும்படி வட்டம் போட்டு வெட்டுங்கள். ஸ்பிண்டில் விட்டம் சுமார் 7.1, 7.2 மி.மீ. இருக்கும், உங்களுடையதைக் காலிப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டத்தை வெட்டும் முன்பே அதன் மையம் வழியாகப் பட்டை நெடுக ஒரு கோடு இழுத்து, மையத்திலிருந்து 200 மி.மீ.-இல் ஒரு குறி வைத்துவிடுங்கள், வெட்டிய பிறகு மையம் காணாமல் போய்விடும். பட்டையை ஸ்பிண்டிலில் மாட்டி, கோட்டை அச்சுப் புள்ளிக்கு நேராகக் கொண்டுபோய், மூலைமட்டத்தை நிறுத்திப் புள்ளியை அட்டைக்கு இறக்குங்கள். 200-இலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்து கூட்டினால் வேலை முடிந்தது. பட்டை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், 10 மி.மீ. ஏற்றம் இருந்தாலும் தப்பு கால் மி.மீ.-க்குள்தான். 20 மி.மீ. ஆனால் கிட்டத்தட்ட 1 மி.மீ. ஆகிவிடும், அப்போது ஸ்பிண்டில் பக்கம் இரண்டு மூன்று தட்டை அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளங்கள்.

இந்த எண் கிடைத்ததும் போன் கால்குலேட்டரில் ஒரு கணக்கு. அச்சு–ஸ்பிண்டில் தூரத்தை வர்க்கமாக்கி, அதோடு இரண்டு பூஜ்யப் புள்ளிகளைப் பெருக்கியதைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வருவது அச்சிலிருந்து முள் நுனி வரை இருக்க வேண்டிய நீளம். அதிலிருந்து முதல் தூரத்தைக் கழித்தால், முள் ஸ்பிண்டிலைத் தாண்டி எவ்வளவு நீள வேண்டும் என்பது வரும். 215-க்கு ஸ்டீவன்சன் என்றால் 230.9, தாண்டல் 15.9 மி.மீ. லோஃப்கிரென் முதல் கணக்கு என்றால் 232.8, தாண்டல் 17.8.

டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 டேர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் அச்சு–ஸ்பிண்டில் 215, கம்பெனி சொல்லும் தாண்டல் 15, கார்ட்ரிட்ஜ் உள்பக்கம் திரும்பும் கோணம் 22 டிகிரி. திருப்பிக் கணக்குப் போட்டால் பூஜ்யப் புள்ளிகள் 58.8, 113.5 என்று வருகின்றன, ஸ்டீவன்சனையும் விட உள்ளே. ஈ.பி. கேட்பவருக்கு அது நல்ல ஏற்பாடு, மாற்றவே வேண்டாம். கார்ட்ரிட்ஜைப் பூட்டும் ஆர்ம் முனையான ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து முள் நுனி வரை 52 மி.மீ. வைத்து கார்ட்ரிட்ஜை நேராகப் பூட்டிவிட்டால் முடிந்தது, கிராஃப் தாள் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். அதில் லோஃப்கிரென் வைத்தே தீருவேன் என்றால் கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லின் நுனிக்குப் போய் ஒன்றரை டிகிரிக்கு மேல் திரும்பியும் நிற்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், தாண்டல் 1 மி.மீ. தப்பினால் உள்காடியில் கிட்டத்தட்ட 1 டிகிரி தப்புகிறது. கணக்கைப் பார்த்துப் பார்த்து ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்து, பூட்டும்போது 1 மி.மீ. விட்டால் கிடைத்த ஆதாயம் அத்தனையும் போச்சு. அரை மி.மீ.-க்குள் நிறுத்தப் பாருங்கள்.

கார்ட்ரிட்ஜைப் பூட்டி நேராக்குதல்

கிராஃப் தாளில் ஒரு மையம் குறித்து, அதன் வழியாக ஒரு நீளக் கோடு. கோட்டில் 60.3-இலும் 117.4-இலும் புள்ளி. ஒவ்வொரு புள்ளி வழியாகவும் நீளக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு, அதற்கு இணையாக இரண்டு பக்கமும் 5 மி.மீ. விட்டு விட்டு இரண்டு மூன்று கோடு. கிராஃப் கட்டங்களை நம்பாமல் தூரத்தை ஸ்டீல் ஸ்கேலாலேயே வையுங்கள். மையத்தில் ஸ்பிண்டில் அளவுக்கு வட்டம் வெட்டி, தாளைப் பழைய தட்டு ஒன்றின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். எந்தக் கணக்காக இருந்தாலும் புள்ளிகளின் தூரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கார்ட்ரிட்ஜை மாட்டும்போது பின்பக்க ஒயர்கள்: சிவப்பும் பச்சையும் வலது, வெள்ளையும் நீலமும் இடது. இதில் சிவப்பும் வெள்ளையும் சிக்னல், பச்சையும் நீலமும் எர்த். இடுக்கியால் மெதுவாகத் தள்ளிச் சொருகுங்கள், கார்ட்ரிட்ஜ் காலில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் எண்ணமே வேண்டாம், சூட்டில் உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் போய்விடும். இரண்டு திருகும் கார்ட்ரிட்ஜ் நகரும் அளவுக்கு மட்டும் இறுகட்டும்.

இந்த இடத்தில் முள் தட்டை அழுத்தும் எடையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழை (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) 0-வில் வையுங்கள், முள் மூடியைக் கழற்றுங்கள், பின்பக்கக் குண்டைத் திருகித் திருகி ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். அப்படியே குண்டைப் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்பி, பிறகு இரண்டையும் சேர்த்துத் திருப்பி கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லியிருக்கும் எடையில் நிறுத்துங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8.

இனி முக்கியமான வேலை. பிளாட்டர் சுழலாமல் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள். முள் நுனி உள்புள்ளியில் மிகச் சரியாக இறங்கும்படி தட்டைத் திருப்புங்கள். முன்னாலிருந்து டார்ச் அடித்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜின் உடம்பை அல்ல, முள்ளைத் தாங்கும் பொடிக் குச்சியை. உடம்பு நேராக இருந்து குச்சி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் கார்ட்ரிட்ஜ்கள் நிறைய உண்டு. குச்சி நீங்கள் வரைந்த செங்குத்துக் கோட்டின் மேலேயே படிய வேண்டும். பிறகு வெளிப்புள்ளியில் அதே சோதனை. இரண்டிலும் ஒரே பக்கம் ஒரே அளவு திரும்பியிருந்தால் கார்ட்ரிட்ஜைத் திருப்பினால் போதும். உள்ளே நேராகி வெளியே தப்பினால் தாண்டல் சரியில்லை: கார்ட்ரிட்ஜை அரை மி.மீ. முன்னாலோ பின்னாலோ தள்ளி மறுபடி உள்ளிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள், வெளிப்புள்ளியில் தப்பு கூடினால் மறுபக்கம்.

இது அரைமணி நேர வேலையும் ஆகும், ஒரு மதியமும் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடும் ஆச்சி யாராவது, "பாட்டுக் கேக்கத்தானேப்பா வாங்குனே?" என்று கேட்டால் அதற்கு நியாயமான பதில் எதுவும் இல்லை. இரண்டு புள்ளியிலும் படிந்ததும் திருகுகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கினால் கார்ட்ரிட்ஜ் திரும்பிவிடும். இறுக்கிய பிறகு மீண்டும் ஒரு முறை பாருங்கள், அநேகமாக ஒரு நூல் நகர்ந்திருக்கும்.

உயரம், எடை, சாய்வு

உயரத்துக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். முள் தட்டின் மேல் இருக்கும்போது பக்கவாட்டில் பார்த்தால் ஆர்ம் தட்டுக்கு இணையாக இருந்தால் போதும். இந்த நீள ஆர்மில் பின்பக்கத்தை 4 மி.மீ. உயர்த்தினால்தான் முள்ளின் கோணம் 1 டிகிரி மாறும், ஆகவே தட்டுக்குத் தட்டு உயரம் மாற்றுகிறேன் என்று சொல்பவர்களை வணங்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எடை அப்படி இல்லை. குண்டில் உள்ள எண் தோராயம்தான், கார்ட்ரிட்ஜ் நகர்ந்ததும் எடையும் மாறியிருக்கும், அதனால் தராசில் போட்டுப் பாருங்கள். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நகைக்கடையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பது அழகுக்காக அல்ல, 0.01 கிராம் காட்டும் தராசு விசிறிக் காற்றுக்கே ஆடும். தராசு சரியா என்று பார்க்க ஒரு 1 ரூபாய் போதும்: 2011-இல் வந்த வடிவம் 3.79 கிராம், 2019-இல் வந்த வடிவம் 3.09 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறைவாகக் காட்டும், புதுசாகப் பார்த்து எடுங்கள்.

தராசில் முள் இறங்கும் இடம், தட்டின் மேற்பரப்பு எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருக்க வேண்டும். பாக்கெட் தராசை அப்படியே பிளாட்டரின் மேல் வைத்தால் ஆர்ம் மேலே தூக்கிக்கொண்டு எடையை மாற்றிக் காட்டும். பிளாட்டரைக் கழற்றி, கீழே தராசை வைத்து, உயரத்தை அட்டையால் சரி செய்துகொள்ளலாம். தராசின் தட்டு இரும்பானால் கார்ட்ரிட்ஜில் உள்ள காந்தம் இழுக்கும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து, எடையைப் பூஜ்யமாக்கி, அதன்மேல் முள்ளை இறக்குங்கள். சொன்ன எடையைவிடக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. நடப்பது நேர்மாறு: எடை குறைந்தால் முள் காடிக்குள் நிலைகொள்ளாமல் இடித்து இடித்துச் சுவரைச் சேதப்படுத்தும். சொன்ன வரம்பில் நடுவிலோ கொஞ்சம் மேலேயோ நிறுத்துங்கள்.

பக்கச் சாய்வுக்குப் பொட்டு வைக்கும் சின்னக் கண்ணாடி போதும். அதன்மேல் முள்ளை இறக்கி முன்னாலிருந்து பார்த்தால் கார்ட்ரிட்ஜும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், நடுவில் ஒடிந்தாற்போல் தெரிந்தால் ஹெட்ஷெல்லைத் திருப்ப வழி இருக்கிறதா பாருங்கள். எல்லா ஆர்மிலும் இருக்காது.

கடைசியாக ஆன்டி-ஸ்கேட்டிங். தட்டு ஓடும்போது உராய்வு ஆர்மை உள்பக்கம் இழுக்கிறது, அதற்கு எதிராக வெளியே இழுக்கும் ஏற்பாடு இது. முள் எடை எவ்வளவோ அதே எண்ணில் வைத்து ஆரம்பியுங்கள். சத்தமான பாட்டின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். காடியின் உள்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது சேனல். வலதில் மட்டும் இரைந்தால் ஆர்ம் உள்ளே இழுபட்டு வெளிச்சுவரை விடுகிறது, ஆன்டி-ஸ்கேட்டிங்கைக் கூட்டுங்கள். இடதில் இரைந்தால் குறையுங்கள். காடியே இல்லாத வழவழத் தட்டில் முள்ளை வைத்து நிற்கவைக்கும் சோதனை ஒன்று உண்டு. காடியில் ஓடும் முள்ளுக்கும் வழுக்கும் முள்ளுக்கும் உராய்வு ஒன்றல்ல, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

78-ம் ரேடியோகிராமும்

மேலே சொன்னதெல்லாம் எல்.பி., ஈ.பி. தட்டுகளுக்கு. பெட்டகத்தில் இருக்கும் கனமான, கீழே போட்டால் உடையும், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் 78 தட்டுகளுக்கு முள்ளே வேறு. எல்.பி. முள்ளின் நுனி ஆரம் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 0.7 பங்கு, 78-க்கு 3 பங்கு வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் காடியின் அடியில் புழுதியோடு உருண்டு கொரகொரவென்று சத்தம்தான் வரும். ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையில் 78-க்கென்று தனி முள் விற்கிறார்கள், அதே உடம்பில் மாற்றிக்கொள்ளலாம், முள்ளுக்குச் சொன்ன எடைக்கு மாற்றிவிட்டு. டேர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது வரும் பலவற்றில் 33, 45 மட்டும்தான்.

பித்தளைக் குழாய் வைத்த கிராமபோனில் எல்.பி. தட்டைப் போடவே கூடாது, அதன் இரும்பு முள் ஒரே ஓட்டத்தில் காடியை உழுதுவிடும். பழைய ரேடியோகிராமில் உள்ள, தட்டைத் தானாக மாற்றும் சாதாரண சேஞ்சர்களில் தாண்டலை மாற்றவும் வழி இருக்காது, எடையும் அதிகம். அதில் முள்ளை நேராக்க முயல்வதைவிட, புது முள் போட்டு, பிளாட்டரைச் சுழற்றும் ரப்பர் இட்லர் சக்கரத்தைத் துடைத்து, அருமையில்லாத தட்டுகளை மட்டும் போட்டுக் கேளுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் வருபவர்கள், கிளம்பும்போது பின்பக்கக் குண்டைக் கழற்றி, முள்ளுக்கு மூடி போட்டு, ஆர்மைப் பூட்டிவிட்டுப் போங்கள். பெல்ட் ஓட்டும் மாடல் என்றால் பெல்ட்டையும் கழற்றி வையுங்கள், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வளைந்து நின்றால் அந்த வளைவு அப்படியே படிந்து பாட்டு அலையும். திரும்பி வந்ததும் மட்டம், எடை, இரண்டு புள்ளி, இந்த மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டைப் போடுங்கள். முள்ளை மாற்றினாலும் இதேதான், ஒரே மாடல் முள்ளாக இருந்தாலும் குச்சி நிற்கும் வாகு ஒன்றுக்கொன்று மாறும்.